புறாத்தீவுக் கடலில் ஆள் இறக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் சுழியோடல் நிலைய உரிமையாளர்கள், பயிற்றுநர்கள், படகோட்டிகள் அனைவருக்கும்,

இந்த சீசன் தொடங்குமுன் கரையில் கூடிக் கதைத்தபோது நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் தடவையாக ஸ்கூபா செய்ய, அதாவது காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் இறங்க, வருகிறவர்களை நேரே உயிருள்ள முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் இறக்க வேண்டாம், முதலில் மணல் தரையில் பழக்கிவிட்டு அப்புறம் கல்லுக்குக் கூட்டிப் போவோம் என்று எங்களில் சிலர் கேட்டோம். ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேர் போதும் என்றோம். நங்கூரம் மணலில் மட்டும் விழட்டும் என்றோம். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: சீசன் முடியட்டும், பார்ப்போம்.

சீசன் முடிந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கிழக்குக் கடல் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் நமக்குத் தெளிந்து கிடக்கிறது. ஆட்கள் வருவதும் கல் உடைவதும் அந்த மாதங்களில்தான். அதற்குப் பிறகு வாடைக்காற்று எழும்பிவிடும், படகு இறங்காது. உடைந்து கிடக்கும் துண்டுகளை அந்தக் கடல் உருட்டி, பக்கத்தில் நிற்கும் நல்ல கல்லையும் தேய்த்துவிட்டுப் போகும். அடுத்த சீசனில் நாம் இறங்கும்போது அங்கே கிடப்பது வெறும் கல்லுச் சல்லி.

கூட்டம் முடிந்து அதிக நாள் போகவில்லை. தீவின் அருகே இரண்டு சான்றிதழ் சுழியோடிகளை அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பயிற்றுநர் ஆறு புதியவர்களோடு வந்தார். எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் பேச்சு ஆளைப் பற்றிப் போய்விடும். ஆறு பேரை இரண்டு கையால் ஒருவர் எப்படிப் பிடிப்பார்? இருவரின் சிலிண்டரை அவர் பிடித்திருந்தார், மற்ற நால்வரும் தங்கள் பாட்டில் தத்தளித்தார்கள். ஓர் இளைஞர் நிமிர்ந்த நிலையிலேயே சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை அடித்துக்கொண்டு மெல்லக் கீழே போனார். அவர் முழங்கால் ஊன்றிய இடம் மணல் இல்லை. தட்டையாக விரிந்து நின்ற முருகைக்கல். அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீருக்குள் சத்தம் நன்றாகவே கேட்கும், உங்களுக்குத் தெரியும். பயந்துபோன இன்னொரு பிள்ளை கைக்கு அகப்பட்ட மான்கொம்புக் கல்லைப் பிடித்தாள். அதுவும் கையோடு வந்துவிட்டது. அவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். கமரா வைத்திருந்தவர் அதையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து, வாழ்க்கையில் முதல் தடவை தண்ணீருக்குள் மூச்சு விடுகிறவர்களுக்கு உயிர்ப்பயம் இருக்கத்தான் செய்யும். அவர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கியது நாம்.

பயிற்றுநர்களே, நீங்களே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடத்தைத்தான் இங்கே திரும்பச் சொல்லப் போகிறேன். நீர்மட்டத்தில் இருப்பதைவிட 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீற்றரில் மூன்று மடங்கு. அதாவது முதல் 10 மீற்றருக்குள்தான் சுழியோடி அணியும் மிதப்புச் சட்டைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அதற்குக் கீழே மாற்றம் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஆக, மிதப்பைக் கட்டுப்படுத்த மிகக் கஷ்டமான இடம் ஆழம் குறைந்த இடம். புறாத்தீவைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரிலிருந்தே கல் தொடங்கிவிடுகிறது. ஒரு பெரிய மூச்சு இழுத்தால் மேலே போகிறார்கள், விட்டால் கீழே போகிறார்கள். மேலே போகாமல் இருக்கட்டும் என்று ஈயப்பட்டியில் கூடுதலாக ஒரு கட்டியைக் கோர்த்துவிடுகிறோம். அந்தக் கூடுதல் ஈயம்தான் அவர்களைக் கல்லின் மேல் உட்கார வைக்கிறது. 'ஆழமில்லாத இடம், புதியவர்களுக்குப் பாதுகாப்பு' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஆளுக்குப் பாதுகாப்பு, சரி. அதே ஆழம் குறைந்த தண்ணீரை மணலுக்கு மேலும் தேடிக்கொள்ளலாமே.

எண்ணிக்கை விடயத்தில் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. சுழியோடல் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பாடி (PADI) நிறுவனத்தின் விதியே, முதல்முறை வருகிறவர்களைக் கடலில் இறக்கும்போது ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்கிறது. அது உச்ச வரம்பு. கடலையும் ஆட்களையும் பார்த்து அதைக் குறைக்க வேண்டியது பயிற்றுநரின் கடமை. கல்லுக்கு நடுவே இரண்டு பேர் என்பது நம் கைகளின் கணக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது, அன்றைக்குக் கூட்டத்தில் பலர் தலையாட்டிய பேச்சு: 'கல்தானே, திரும்ப வளரும்.' இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாதபடியால்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

மான்கொம்புக் கல் நல்ல நிலைமையில் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் வளரலாம், சில வேளை அதைவிடக் கூடவும் வளரலாம். பாறை மாதிரித் திரண்டு நிற்கும் வகைகள் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒரு திரட்சி நம் பூட்டன் காலத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. உடைந்த மான்கொம்புத் துண்டு திரும்ப ஒட்டி வளரும் என்பதும் உண்மைதான், ஆனால் அது அசையாமல் கிடக்க வேண்டும். சல்லிக்குள் விழுந்து ஒவ்வோர் அலைக்கும் உருள்கிற துண்டு ஒட்டாது. புதிதாக வந்து அமரும் குஞ்சுக் கல்லையும் அந்த உருளல் அரைத்துவிடும். உடையாவிட்டாலும் பாதிப்பு உண்டு. கல்லின் மேல் இருப்பது மிக மெல்லிய உயிர்த்தோல். அதில் விரல் பட்டுக் கிழிந்தால் அந்த இடத்தில் பாசி ஏறிவிடுகிறது. துடுப்புச் செருப்பு கிளப்பும் மணல் மேலே படிந்தால், அதைத் தள்ளிவிடவே அந்த உயிரினம் சளி சுரந்து தன் பலத்தைச் செலவழிக்கிறது. ஒரு ஆள் ஒரு தடவை செய்தால் தாங்கும். காலை ஏழு மணி முதல் பின்னேரம் வரை, அதே நூறு மீற்றர் நீளத்தில், படகுக்குப் படகு வந்து செய்தால் எப்படித் தாங்கும்?

இந்தக் கல் எவற்றையெல்லாம் தாண்டி நிற்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு வெளியே பார் ரீஃப் என்ற கல்திட்டிலும் கல் வெளுத்து, பெரும்பகுதி செத்துப்போனது. திருகோணமலைப் பக்கம் தப்பியது. 2004 சுனாமி நம் டச்சுக் குடாவில் கல்லைப் பிடுங்கிப் புரட்டியது. புறாத்தீவில் அப்போதும் கல் நின்றது. யுத்தம் நடந்த வருடங்களில் உல்லாசப் பயணிகள் பெரிதாக வரவில்லை, கடலுக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்தது. அதற்குள்ளும் இது நின்றது. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில், நூறளவு முருகைக்கல் இனங்களும் முந்நூறளவு மீன் இனங்களும் பதிவான ஒரு இடம் நம்மிடம் மிச்சமாக இருப்பது அப்படித்தான்.

கடல் சூடேறுவதை நிலாவெளிக் கரையில் இருந்து நாம் நிறுத்த முடியாது. 2024 ஏப்ரலில் உலகம் முழுவதற்குமான நான்காவது பெரிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இனியும் வரும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, சில கிழமைகள் அப்படியே நின்றாலே கல் வெளுக்கத் தொடங்கிவிடும். தனக்குள் இருந்து உணவு தந்த நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கும். சூடு தணிந்தால் எழும்பும், ஆனால் எழும்பப் பலம் வேண்டும். ஏற்கனவே உடைந்தும் கிழிந்தும் நிற்கிற கல்லுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? இந்தக் கரையில் நம் பொறுப்பில் இருப்பது நம் கையும் காலும் நங்கூரமும் மட்டுமே. அதையும் பிறகு பார்ப்போம் என்றால் நமக்கு என்ன தொழில் தர்மம்?

மீனவக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். நானும் அப்படித்தான். 1963இல் சரணாலயமாக இருந்த இந்த இடம் 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அந்த எல்லைக்குள் வலை போடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தகப்பன், பாட்டன் தொழில் செய்த கடலில் இருந்து நம் சனம் தள்ளி நின்றது. எண்ணெய்க்கு உழைக்க முடியாமல் வெறும் படகோடு திரும்புகிற நாளிலும், அந்த எல்லைக்கு வெளியே நின்று கரையைப் பார்க்கிறார்கள். வெடி போட்டு மீன் பிடிக்கிறவனை நாம் எல்லோரும் ஏசுகிறோம், ஏசத்தான் வேண்டும். தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகக் கல் உடைத்தவர்களையும் குறை சொல்கிறோம். சுனாமி அலை ரயிலைப் புரட்டிய பேரலியாவில் கல் முன்பே அகழப்பட்டிருந்தது, கல் நின்ற ஹிக்கடுவையில் தண்ணீர் அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இவ்வளவும் தெரிந்த நாம், மீனவனுக்கு மூடிய கடலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் கல்லின் மேல் ஆளை நிற்க வைத்தால், அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? 'நாங்கள் வலை போட்டால் குற்றம், நீங்கள் மிதித்தால் உல்லாசமா' என்று என் சித்தப்பா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயால் மூச்சுவிட்டுக் கல்லைப் பார்க்க ஆட்களைக் கொண்டுபோகும் ஸ்நோர்க்கல் படகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவைச் சட்டை போட்டுக் கல்லின் மேல் விடுகிறீர்கள். களைத்ததும் அவர்கள் கால் ஊன்றுகிறார்கள், ஊன்றுவது கல்லில். செட்டை நுனி கறுத்த அந்தச் சுறாக்களைக் காட்டித்தானே நாம் எல்லோரும் ஆள் சேர்க்கிறோம். கூச்சமுள்ள பிராணி அது. ஆழம் குறைந்த நீரில்தான் குட்டியும் வளரும். நாலு பக்கமும் ஆள் சூழ்ந்து துரத்தினால் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அழுங்காமை இன்னும் பாவம். மூச்சு எடுக்க மேலே வர வேண்டிய ஆமையை மேலிருந்து ஆட்கள் மறித்துக்கொண்டு படம் எடுப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். உலகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிற இனம் அது. பாணைப் பிய்த்துப் போட்டு மீனைக் கூட்டுவதையும் நிறுத்துங்கள். பாசியை மேய்ந்து கல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய மீனுக்குப் பாண் எதற்கு?

நேரம் போகிறது, காசு போகிறது என்பது உங்கள் கவலை. அதை நான் சின்னக் கவலை என்று சொல்லவில்லை. வருடத்தில் அரைவாசிக்குமேல் படகு கரையில் கிடக்கிற தொழில் இது. கடன் இருக்கிறது, எரிபொருள் விலை இருக்கிறது. ஆனால் மணலில் பழக்குவதற்கு அரை மணித்தியாலம் கூடுதலாகப் போகும், அவ்வளவே. பயந்து நடுவில் மேலே வந்து காசைத் திருப்பிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். மணலில் மூச்சைப் பழகியவர்கள் அப்படி வருவதில்லை. அவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள். கோமாளி மீன் தன் கடல் தாமரைக்குள் ஒளிவதையும், அஞ்சாளை பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதையும், கிளிமீன் கல்லைக் கொறிக்கும் சத்தத்தையும் நிதானமாகக் கண்டு கேட்டுவிட்டு, அடுத்த வருடம் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

சொல்லிக்கொடுப்பதால் பலன் உண்டா என்று கேட்டவர்களுக்கும் பதில் இருக்கிறது. எகிப்தின் ராஸ் முகம்மது பூங்காவில் 1990களில் செய்த ஆய்வில், இறங்குமுன் கல்லைப் பற்றி விளக்கி, நீரிலும் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு, சுழியோடிகள் கல்லில் படுவது வெகுவாகக் குறைந்தது. கரிபியனில் சென்ட் லூசியாத் தீவில் செய்த இன்னோர் ஆய்வு, வாயால் சொல்லிவிடுவது மட்டும் போதாது, வழிகாட்டி நீருக்குள் கவனித்து உடனே தடுத்தால்தான் குறைகிறது என்று கண்டது. கமரா வைத்திருப்பவர்கள் கூடுதலாகத் தொடுகிறார்கள் என்பதும் அங்கே தெரிந்தது. ஆறு பேரோடு போகிற வழிகாட்டி யாரைத்தான் கவனிப்பார், யாரைத் தடுப்பார்?

தாய்லாந்தில் மாயா குடாவை 2018 ஜூனில் முழுதாக மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது குடாவுக்குள் படகு நுழைய விடவில்லை. மூடியிருந்த காலத்தில் நம் சுறாவின் அதே இனம் அங்கே திரும்பி வந்தது. மலேசியாவின் சிபடானில், தீவில் இருந்த விடுதிகளையே அகற்றிவிட்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். அங்கே தொழில் செத்துவிடவில்லை. புறாத்தீவை யாரும் மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாம் இப்படியே போனால் ஒரு நாள் யாரோ மூடுவார்கள். அன்றைக்கு நம்மிடம் கேட்டுவிட்டு மூட மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதல்முறை ஸ்கூபா செய்கிற எவரையும் இன்றிலிருந்து மணல் தரையில் பழக்காமல் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். மணலில் முழங்கால் படாமல் மிதக்கப் பழகிய பிறகு, ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேராக மட்டும் கல்லுக்குப் போங்கள். பழக முடியாதவருக்கு அன்றைக்கு மணலோடு முடியட்டும். அதைக் காசு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஈயத்தை ஆளுக்கு ஆள் சோதித்துக் கட்டுங்கள். மிதப்புக் கைவராதவர் கையில் கமரா வேண்டாம், படத்தை வழிகாட்டி எடுத்துக் கொடுக்கட்டும்.

படகோட்டிகளான அண்ணன்மார், நானாமார் அனைவரிடமும்: நங்கூரம் மணலில் விழட்டும். மணல் எங்கே, கல் எங்கே என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. காற்று இழுக்கிற நாளில் ஒருவர் இறங்கிக் கையால் வைத்துவிட்டு வரலாம், அதற்கு எங்கள் சுழியோடிகள் காசு வாங்காமல் இறங்குவார்கள். நிரந்தர மிதவை தேவைப்படும் இடங்களை நீங்களே குறித்துத் தாருங்கள். அந்த வரைபடத்தோடு, மிதவை போடவும், நீச்சல் தெரியாதவர்கள் இறங்கும் மணல் வழியைக் கயிறு கட்டி அடையாளப்படுத்தவும், ஒரே நேரத்தில் நீரில் இருக்கக்கூடிய ஆட்களுக்கு வரம்பு வைக்கவும் பூங்காவுக்குப் பொறுப்பானவர்களிடம் எல்லோரும் ஒரே மனுவாகப் போவோம். தனித்தனியாகப் போனால் அலைய விடுவார்கள்.

ஆமையை மறிப்பதும், சுறாவைத் துரத்துவதும், மீனுக்குப் பாண் போடுவதும் நம் படகுகளில் நடக்காது என்று எல்லா நிலையங்களின் வாசலிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். மீறுகிற படகுக்குக் கிழமைக்கணக்கில் முறை கொடுக்காமல் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை நம் சங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை முடிவெடுக்க சீசன் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த போயா (பௌர்ணமி) நீண்ட விடுமுறைக்குச் சனம் குவியுமுன் மீண்டும் ஒருமுறை கூட்டத்தைக் கூட்டுங்கள். இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாக்குக்கு விடுங்கள். யார் ஏற்கிறார், யார் மறுக்கிறார் என்று பெயரோடு பதிந்து, அந்தப் பதிவைக் கரையில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். மீனவச் சங்கத்தாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் முன்னால் நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நானும் கட்டுப்படுகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு அதே கடலில் இறங்கும் ஒரு சுழியோடி வழிகாட்டி,
இறக்கக்கண்டி, திருகோணமலை.